பூனை என்று சொன்ன வாய்

மகன், இந்தக் கடிதத்தை ஸஹ்ரா எழுதுகிறாள். நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். உனக்கு ஸலாம் சொல்லித் தொடங்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் வேறொன்று தொண்டையில் வந்து நிற்கிறது. அதை இறக்கி வைத்துவிட்டு ஸலாத்தைக் கடைசியில் சொல்கிறேன். என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும் என்று உனக்குத் தெரியும். உன் சின்னத் தங்கச்சிக்கு எழுத்து என்றால் உயிர். நான் "வெக்கமா இரிக்கி" என்று ஒரு சொல் சொன்னால் அதை மூன்று வரியாக எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். "இப்படியா நான் சொன்னேன்?" என்று கேட்டால், "இதைத்தானே சொல்ல வந்தீங்க உம்மா" என்கிறாள். அதனால் சில இடங்களில் சொற்கள் அவளுடையவையாக இருக்கும். வெட்கம் முழுக்க என்னுடையது.

உறையை ஒட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஸஹ்ராவே நீ இருக்கிற கண்டக்குழிக்குக் கொண்டுவந்து தருவாள். பஸ்ஸில் யாராவது வாங்கிப் படித்தாலும் பரவாயில்லை, உன் கூட்டாளி இர்பான் எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகப் படித்தாலும் பரவாயில்லை. உன்னைப் பற்றி நான் சொன்ன பொய் இந்த ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தது. உண்மை மட்டும் ஏன் முக்காடு போட்டுக்கொண்டு போக வேண்டும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பர்ஹானாவுக்கு நிக்காஹ். வாப்பா மௌத்தாகிவிட்டதால் அவளைக் கைப்பிடித்துக் கொடுக்கிற உரிமை அவளோடு கூடப் பிறந்த மூத்தவன், நானாவான உனக்குத்தான். வொலி நீ. நீ வந்து கொடுக்காமலும், கொடுக்கச் சொல்லி உன் வாயால் சொல்லாமலும் அந்த நிக்காஹ் நடக்காது. இதற்காகத்தான் உம்மா எழுதுகிறாள் என்று நினைப்பாய். இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். இதற்காகவும்தான் எழுதுகிறேன். ஆனால் கடைசி வரை படி. படித்துவிட்டு "வரமாட்டேன்" என்று நீ சொன்னால், அதற்கும் ஒரு வழி கேட்டு வைத்திருக்கிறேன்.

துவக்கோடு வந்த இயக்கக்காரர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது நீ என் வயிற்றில் இருந்தாய். தோணி எங்களைக் கற்பிட்டியில் இறக்கிய கதையை நீங்கள் மூன்று பேரும் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். ஆனால் அந்தக் கதையில் நான் அழுத்திச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கரையில் நனைந்த உடுப்போடு நின்ற எங்களை, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய வீட்டில் இருந்தது ஒரு முன் அறையும் ஒரு குசினியும்தான். தன் பிள்ளைகளின் பாயைச் சுருட்டிக் குசினிக்குள் போட்டுவிட்டு முன் அறையை எங்களுக்குத் தந்தாள். "நாங்க பின்னுக்கு இரிக்கிறோம், நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க" என்று உன் வாப்பா சொன்னார். அவள் என்னைப் பார்த்து, "வயித்துப் புள்ளயோட வந்த ஆள பின்னுக்குப் போட ஏலுமா?" என்று கேட்டாள். நீ பிறப்பதற்கு முதலே ஒரு அந்நியப் பெண் உனக்கு முன் அறை தந்தாள். பெற்றவள் நான் உனக்கு எந்த அறையைத் தந்தேன் என்பதை இனிச் சொல்கிறேன்.

ஆலங்குடாவில் ஓலைக் கொட்டிலில்தான் நீங்கள் மூன்று பேரும் வளர்ந்தீர்கள். வாப்பா போன பிறகு நீ பள்ளிக்கூடப் பையைக் கொழுவியில் மாட்டிவிட்டுக் கடலுக்குப் போனாய். யுத்தம் முடிந்து கடல் திறந்ததும் கடலட்டைக்கு ஆள் தேடினார்கள். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய், சேற்றில் கிடக்கிற அட்டையைப் பொறுக்கிக்கொண்டு வருகிற வேலை. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது எங்கள் வழக்கம். பர்ஹானாவுக்கு வீடு வேண்டும் என்று நான் ஒருநாளும் உன்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. நீ கடலுக்குள் ஒவ்வொரு தரம் இறங்கி ஏறும்போதும் இங்கே சுவர் உயர்ந்தது. நான் சுவரைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். நீ இறங்குகிற இடத்தைப் பார்த்ததில்லை.

அந்தக் காலையை நான் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்கமாட்டாய். குசினி வாசலில் நின்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னாய்.

"உம்மா, ரெண்டு முழங்கையும் குடையுது. தோலெல்லாம் கடி. நேத்துக் கூடுதலா இறங்கிட்டேன் போல."

"தைலத்தைப் பூசிட்டுப் போ மகன். ஓடு போடுற மேசன் பாஸ் நாளைக்கு வாறெண்டு சொன்னவர்."

"அப்ப வீட்டுக் கூரை என்ட முழங்கைக்கு மேலதான் நிக்குது எண்டு சொல்லுங்க."

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். சோற்றுப் பொதியைக் கட்டித் தந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேகமாக மேலே வந்ததும் கால் இரண்டும் விறைத்துவிட்டது என்றார்கள். உன்னோடு போனவர்கள் நல்லது என்று நினைத்துத்தான் அதைச் செய்தார்கள். மேலே வந்ததால் பிடித்தது, திரும்பக் கீழே இறக்கினால் விட்டுவிடும் என்று இன்னொரு சிலிண்டரைக் கட்டி, இரண்டு பக்கமும் தோளைப் பிடித்து, உன்னை மறுபடியும் தண்ணீருக்குள் இறக்கினார்கள். கடலட்டைக்குப் போகிறவர்களிடம் இருக்கிற கைவைத்தியம் அது. நல்ல நேரமெல்லாம் தண்ணீருக்குள் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். டொக்டர் அவர்களை ஏசினார். என்னை யாரும் ஏசவில்லை. மூட்டுக் குடைவதுதான் முதல் அடையாளம், அதற்குப் பிறகு இறங்கவே கூடாது என்று அவர் சொன்னார்; முழங்கை குடைகிறது என்று நீ காலையில் சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

இடுப்புக்குக் கீழே அசையாமல் நீ புது வீட்டுக்கு வந்தபோது, முதலில் உன் கட்டில் முன் அறையில்தான் இருந்தது. வாசலைப் பார்த்தபடி போட்டிருந்தோம். வந்தவர் போனவரெல்லாம் உன்னோடு கதைத்துவிட்டுத்தான் போவார்கள். பிறகு தரைக்கு மாபிள் போட ஆட்கள் வந்தார்கள். "வேலை முடியும் வரைக்கும்" என்று சொல்லி உன்னைப் பின்னால் சாமான் அறைக்கு மாற்றினோம். வேலை முடிந்தது. கட்டில் அங்கேயே நின்றது. யாரும் முடிவெடுத்து உன்னை அங்கே விடவில்லை மகன். அதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. முடிவெடுத்திருந்தால் யாராவது ஒருவர் கூடாது என்று சொல்லியிருப்பார்கள்.

உன் சாப்பாட்டுக்குப் பீங்கான் கோப்பை போய்ப் பிளாஸ்டிக் கோப்பை வந்தது, கட்டிலில் இருந்து விழுந்தால் உடையாது என்று. அந்த அறையின் ஜன்னலை மூடினோம், தெருவுக்கு வாசம் போகக்கூடாது என்று. நீ கட்டிலில் முழித்துக்கொண்டு கிடக்கும்போதே நான் ஸஹ்ராவிடம் "அவன் தின்டானா?" என்று கேட்பேன். "உம்மா, நான் இஞ்சதான் இரிக்கிறேன், என்ட்டயே கேளுங்க" என்று நீ ஒருநாள் சொன்னாய். பகிடி என்று எடுத்துக்கொண்டேன். உன்னைக் கழுவினேன், புரட்டினேன், மூத்திரப் பையை மாற்றினேன், முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை, இன்றைக்கும் செய்வேன். வெட்கம் எதில் என்றால், அதையெல்லாம் செய்கிறபோது உன் முகத்தைப் பார்க்காமல் செய்யப் பழகிவிட்டேன். கை தன்பாட்டில் வேலை செய்யும், கண் சுவரில் இருக்கும். என் கடமையை நான் ஒருநாளும் விடவில்லை. கடமையைச் செய்துகொண்டேதான் உன்னை விட்டுத் தூரப் போனேன். செய்கிறேன் என்ற நினைப்பு இருந்ததால் போகிற தூரம் எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் ஸஹ்ராவுக்குப் பள்ளிக்கூடத்தில் நவீன கதைகளைப் பற்றிப் படிப்பித்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளைச் சீருடையைக் கூட மாற்றாமல் கதிரையை உன் அறைக்கும் குசினிக்கும் நடுவில் இழுத்துப் போட்டு, டீச்சர் சொன்னதை எங்களுக்குத் திருப்பிச் சொல்வாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பேன்.

"ஒரு மனுசன்ட உடம்பு மாறிப் போகும் உம்மா. ஒருத்தன் மரமாகிடுவான், ஒருத்தன் மிருகமாகிடுவான், ஒருத்தன் சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போயிடுவான். பழைய கதையில எண்டா சாபம் இரிக்கும், சாபம் தீர வழியும் இரிக்கும். இந்தக் கதைகள்ல ரெண்டுமில்ல. ஏன் மாறினான் எண்டு ஒருத்தரும் கேக்கவும் மாட்டாங்க."

"அப்ப என்னதான் இரிக்கி அதில?"

"வீட்டாக்கள் இரிக்கிறாங்க. அதுவரைக்கும் அவன்ட உழைப்பில சாப்பிட்ட ஆக்கள். அவன் மாறினதுக்குப் பிறகு அவங்க என்ன செய்றாங்க எண்டதுதான் கதை."

நீ உள்ளே இருந்து சத்தம் போட்டாய். "அது கதை இல்ல தங்கச்சி, செய்தி!"

அவள் சிரிக்கவில்லை. அதைப் பற்றி யோசித்துக்கொண்டு போய், அடுத்த கிழமை தானே ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு நானாவின் கதை. குடும்பத்துக்காக வெயிலில் நின்று நின்று, ஒருநாள் அவன் காலில் இருந்து உப்பாகத் தொடங்குகிறான். வீட்டார் முதலில் அழுகிறார்கள். ஈரம் படக்கூடாது என்று அவனை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள், அவனுடைய நன்மைக்குத்தான். பிறகு ஒருநாள் கறிக்கு உப்பு முடிந்துபோகிறது. கடை தூரம். உம்மா உள்ளே போய் அவனுடைய கால் விரலில் இருந்து கொஞ்சம் சுரண்டுகிறாள். "நோகுதா?" என்று கேட்கிறாள். அவன் "இல்ல உம்மா, எடுங்க" என்கிறான். அடுத்த நாள் அவள் கேட்காமல் எடுக்கிறாள்.

அதோடு தாளை மடித்துவிட்டாள். முடிவு எழுதவில்லை. நீதான் முதலில் வாய் திறந்தாய். "மீன் கறிக்கு நல்லம். கருவாடு போடத்தான் என்ட உப்புப் போதாது." பர்ஹானா சிரித்துக்கொண்டே எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள், கனநேரம் வரவில்லை. எனக்கு உச்சியில் கோபம் ஏறியது.

"கதை எழுதுறவங்க எல்லாம் கழுவித் துடைக்காதவங்க போல! அந்த உப்பாப் போனவனுக்குப் பீ மூத்திரம் அள்ளினது ஆரு? அதை ஏன் எழுதல்ல?" என்று ஸஹ்ராவைக் கேட்டேன்.

அவள் பயந்துபோய், ஆனால் உண்மையாகச் சொன்னாள். "அது எனக்குத் தெரியாதே உம்மா. நீங்கதானே செய்றீங்க. நீங்க சொன்னா எழுதுறேன்."

இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் கேள்வி நியாயமானது. அவள் சொல்கிற கதைகளில் வீட்டார் கெட்டவர்களாகிவிடுகிறார்கள், களைத்தவர்களாக இருப்பதில்லை. நான் களைத்திருந்தேன் மகன். ஆனால் களைப்புக்கும் நான் பிறகு செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. களைத்த ஆள் கொஞ்சம் இருந்து ஆறுவாள். நான் செய்தது வேறு.

பள்ளிவாசல்துறையில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் பர்ஹானாவைப் பார்க்க வந்த நாளைச் சொல்கிறேன். மாப்பிள்ளையும் கடல் தொழில் என்று மட்டும் தெரியும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தானே வந்து இருப்பார். வீட்டோடு சேர்த்து ஒரு கட்டிலும் அதில் ஒரு ஆளும் வருகிறது என்று தெரிந்தால் எழும்பிப் போய்விடுவார்களோ என்று எனக்கு இரண்டு நாளாகப் பயம். காலையிலேயே உன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "சத்தம் போடாம இரு மகன், கொஞ்ச நேரம்தான்" என்றேன். நீ "ஓம் உம்மா" என்றாய். அந்த ஓம் எனக்கு வசதியாக இருந்தது.

மாப்பிள்ளையின் உம்மா நல்ல மனுசி. வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள். "மூத்தவர் எங்க மதினி? வீடெல்லாம் அவர் கட்டினதெண்டு கேள்விப்பட்டோம்."

"கட்டார்ல" என்றேன். நினைத்து வைத்துச் சொன்னதல்ல. வாய் தன்பாட்டில் சொல்லியது. சொன்ன பிறகு அந்த அரபு நாட்டு வேலைக்கு ஒரு கம்பனியும் ஒரு லீவும் கூட வைத்துக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் நீ இருமினாய். உன்னால் முடிந்தவரை அடக்கிய இருமல் அது, துணியைக் கடித்துக்கொண்டு இருமினது போல இருந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஸஹ்ரா தேத்தண்ணீர்த் தட்டோடு அப்படியே நின்றாள்.

"பூனை" என்றேன். "மீன் வாசத்துக்கு வாற."

மகன், அவளுடைய கதைகளில் ஒரு மனிதன் மிருகமாவதற்கு ஒரு காரணமும் இல்லை என்று ஸஹ்ரா சொல்வாள். உன் கதையில் காரணம் இருக்கிறது. நான்தான். கடல் உன் காலை மட்டும்தான் எடுத்தது. மற்றதை நான் ஒரு சொல்லில் முடித்தேன். அதற்குப் பிறகு அந்த அறையில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர்கள் போகும்வரை நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். மூச்சைப் பிடிப்பதுதானே உனக்குத் தெரிந்த தொழில்.

அவர்கள் போன பிறகு கதவைத் திறந்தேன். உன் கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தது. சிரித்துக்கொண்டு கேட்டாய். "உம்மா, பூனைக்குப் பால் வைக்கல்லியா?"

நான் மிஞ்சின வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து தந்தேன். அந்த அவசரத்தில் பீங்கான் கோப்பையில் கொண்டுவந்துவிட்டேன். நீ அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

சில நாட்களில் இர்பான் ஓட்டோவோடு வந்தான். கண்டக்குழியில் சிலிண்டருக்குக் காற்றடிக்கிற இடத்தில், கதிரையில் இருந்துகொண்டே செய்கிற வேலைக்கு ஆள் தேவை என்றான். அவன் தேடி வந்தானா, நீ கூப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை. "அங்க ஆரு மகன் உன்னப் பாக்கிற?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "பழகிக்கொள்ளுவேன் உம்மா" என்றாய். ஓட்டோ ஒழுங்கையால் திரும்பும் வரைக்கும் கை காட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வீட்டுக்குள் வந்தபோது எனக்கு என்ன வந்தது என்று நான் எழுதச் சொல்ல, ஸஹ்ரா பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது புள்ள. எனக்குப் பெருமூச்சு வந்தது. பாரம் இறங்கின பெருமூச்சு. அன்றைக்கே அந்த அறையின் ஜன்னலைத் திறந்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். பின்னேரம் ஆட்களைப் பிடித்து பர்ஹானாவின் கலியாண அலுமாரியை உன் கட்டில் நின்ற இடத்தில் வைத்தேன். சரியாகப் பொருந்தியது. அளந்து செய்தது மாதிரி இருக்கிறது என்று சொன்னேன், அதையும் என் வாய்தான் சொன்னது.

இப்படியே போயிருக்கும், நிக்காஹ் விசயம் பேசப் பள்ளிவாசல் லெப்பை வராமல் இருந்திருந்தால். "வொலி ஆரு?" என்று கேட்டார். "வாப்பாட தம்பி இரிக்கிறார், சாச்சா" என்றேன். "நானா இரிக்கும்போது சாச்சாக்கு உரிமை இல்லியே. அவர் கட்டார்ல எண்டா பரவாயில்ல. போன்ல எடுத்து, ரெண்டு சாட்சி கேக்க, சாச்சாக்கு வக்காலத் கொடுக்கச் சொல்லுங்க. 'என்ட தங்கச்சிய என்ட இடத்தில நிண்டு கொடுங்க' எண்டு அவர் சொன்னாக் காணும்" என்றார். நான் வீட்டை விட்டு அனுப்பின ஆளைத்தான் மார்க்கம் முதலில் கேட்டது.

அப்போதுகூட எனக்குப் புத்தி வரவில்லை. உனக்குப் போன் எடுத்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து சாட்சிக்கு வருவார்கள், நீ கட்டாரில் இருக்கிற மாதிரிக் கதைக்க வேண்டும் என்று சொன்னேன். நீ ஏசுவாய் என்று நினைத்தேன். ஏசினால் நானும் ஏசலாம் என்று கூட நினைத்தேன். உன் பக்கத்தில் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து சொன்னாய்.

"சரி உம்மா. அங்க இப்ப என்ன நேரமெண்டு மட்டும் ஆரிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க. பிழைச்சிடக் கூடாதுதானே. பர்ஹானாட விசயம்."

போனை வைத்துவிட்டுக் குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். ஸஹ்ரா வந்து என்ன என்று கேட்டாள், சொன்னேன். அவள் பக்கத்தில் குந்தி, "அந்தக் கதைகள்லயும் இப்படித்தான் உம்மா" என்றாள். "தன்னை மறைக்கிறதுக்கு அவனே ஒத்தாசை செய்வான். வீட்டாக்கள் பயந்திடக் கூடாதெண்டு ஒதுங்கி ஒதுங்கிப் போவான். அப்படியே செத்துப் போவான். வீட்டாக்களுக்கு நிம்மதியாகிடும். ஒரு கதையிலயும் அவனுக்கு வீட்டில இரிந்து ஒருத்தரும் ஒரு கடிதம் போடுறல்ல."

நீ சாகவில்லை. அது எனக்கு அல்லாஹ் தந்த தவணை. எழும்பி முகம் கழுவினேன். பர்ஹானாவிடம் போய், பள்ளிவாசல்துறைக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன், உன் கலியாணம் நின்றாலும் நிற்கும் என்றேன். அவள் அலுமாரியைத் திறந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "போங்க உம்மா. நின்டா நிக்கட்டும். இந்த அலுமாரியைத் திறக்கிற நேரமெல்லாம் எனக்கு நானாட இருமல் கேக்குது" என்றாள். அவளும் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தவள்தான். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, இந்த வீட்டில் எல்லோரும் உன்னைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாப்பிள்ளையின் உம்மா முற்றத்தில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். உள்ளே கூப்பிட்டாள், நான் போகவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன்.

"மதினி, அன்டைக்கு நான் பூனை எண்டு சொன்னது என்ட மகன்."

அவள் கையில் இருந்த நெத்தலியைப் பாயில் போட்டுப் பரப்பினாள். பிறகு நிமிர்ந்து, "பூனை இருமுமா மதினி?" என்று கேட்டாள். "அன்டைக்கே விளங்கிட்டு. எங்கட மகன் உங்கட மகன்ட்டத்தானே காத்தடிக்கப் போற. கண்டக்குழியில அவரைத் தெரியாத சுழியோடி ஆரு? ஒருநாள் எங்கட மகன் கூடுதலா இறங்கப் போக, 'முழங்கை குடையிதெண்டு சொன்னாய்தானே, இன்டைக்கு உனக்குக் காத்து இல்ல மச்சான், வீட்ட போ' எண்டு சிலிண்டரைப் பறிச்சு வச்சிட்டாராம். இவன் சண்டை பிடிச்சிட்டு வந்து சாப்பிடாமப் படுத்தான். அடுத்த நாள் விடியத்தான், தப்பினது விளங்கி அழுதான். 'பர்ஹானாட உம்மா சொல்லும் வரைக்கும் நாங்க கேக்கக்கூடாது, அவங்களுக்கு வெக்கமா இரிக்கும்' எண்டு சொன்னதும் எங்கட மகன்தான்."

பக்கத்தில் நின்ற இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நான் ஒருத்தி வாசலில் நின்று காவல் காத்திருக்கிறேன். என் வெட்கத்தைக் கூட அவர்கள்தான் எனக்காகப் பொத்திப் பிடித்திருந்தார்கள். உனக்கும் தெரிந்திருக்கிறது, அவன்தான் மாப்பிள்ளை என்று. அவனைக் காப்பாற்றிவிட்டு என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் உன்னிடம் கேட்டது கட்டாரில் இருக்கிற மாதிரிக் கதை என்று மட்டும்தான்.

கடிதம் எழுதுகிற உம்மாமார் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அதற்கு வாயில்லை. என்றாலும் இரண்டு சொல்லிவிடுகிறேன். முழங்கை குடைகிறது என்று யார் வந்து சொன்னாலும் அவனுக்குக் காற்றடிக்காதே. அவனுடைய உம்மா வந்து கேட்டாலும் அடிக்காதே. மற்றது, இனிமேல் உன்னைக் கேட்காமல் உன் கட்டிலை நகர்த்த யாரையும் விடாதே. நன்மைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கூடுதலாகக் கவனித்துக்கொள். என்னையும்.

அலுமாரி இப்போது குசினிப் பக்கத்துச் சுவரில் நிற்கிறது. அங்கே அது பொருந்தவில்லை, ஒரு கதவு பாதிதான் திறக்கும். இருக்கட்டும். உன் கட்டிலை முன் அறையில், வாசலைப் பார்த்தபடி, பழைய இடத்தில் போட்டிருக்கிறோம். சக்கரக் கதிரை ஏறுவதற்கு வாசற்படியில் சீமெந்துச் சரிவு ஒன்று கட்டச் சொன்னேன். ஓடு போட்ட அதே பாஸ்தான் கட்டித் தந்தார். வரமாட்டேன் என்றால் வராதே, நான் கோபிக்கமாட்டேன். கோபிக்க எனக்கு உரிமையும் இல்லை. நீ இருக்கிற இடத்தில் இருந்தே சாச்சாவுக்கு வக்காலத் கொடுத்தால் போதும் என்று லெப்பை சொல்கிறார். அப்படிக் கொடுக்கிறது என்றால், கண்டக்குழியில் இருந்து கொடுக்கிறேன் என்றே சொல்லிக் கொடு. நேரம் பார்க்க வேண்டியதில்லை. உனக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்தான்.

ஸஹ்ரா தன் உப்புக் கதையையும் இதோடு வைக்கிறாள். நான் கழுவித் துடைத்ததை என்னிடம் கேட்டுக் கேட்டு அதில் எழுதியிருக்கிறாள். முடிவு இன்னும் எழுதவில்லை. என்னைக் கேட்டாள், அதை உப்பாய்ப் போனவனிடம் போய்க் கேள் என்று சொல்லிவிட்டேன்.

தொண்டையில் நின்றது இறங்கிவிட்டது மகன். அஸ்ஸலாமு அலைக்கும். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால், மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வரும்போது முன் அறையில் முதலில் அவர்களைக் கூப்பிடுகிற ஆள் நீயாக இருக்க வேண்டும். நான் உன் பக்கத்தில் நிற்பேன், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நிக்காஹ் சொல்கிற நேரம் சபை அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில் உனக்கு இருமல் வந்தால் துணியைக் கடிக்காதே. லெப்பை பொறுத்துக்கொள்வார், எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள்.

நல்லாச் சத்தமாக இருமு.